புரை எடுத்தாச்சு, பார்வை ஏன் முழுசாக வரவில்லை?

வாசகர் கேள்விகள், கண் மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் கண்புரை பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கிளாகோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்களுக்குப் புரை ஆபரேஷன் செய்தால் பார்வை எவ்வளவு வரும், எவ்வளவு வராது? அதனால் இந்த முறை முழுப் பக்கங்களையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மகள்: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 71 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷமாக கிளாகோமாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். இரண்டு மாதம் முன்பு வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்தோம். அதே நாளில் ஆபரேஷன் ஆன மற்றவர்கள் எல்லாம் கட்டுப் பிரித்ததும் "பளிச்சுன்னு தெரியுது" என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படிக்கிறார், வீட்டில் பேப்பர் படிக்கிறார். ஆனால் வாசற்படியில் இடறுகிறார், பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார். ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கிறது அம்மா. கடைசிக்கு முந்தின வரி வரை படிக்கிறார் என்றால் புரை எடுத்து லென்ஸ் வைத்ததில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அப்பா இடறுவதற்குக் காரணம் புரை அல்ல, அதற்குப் பின்னால் பல வருஷமாக இருக்கிற கிளாகோமா.

கண்ணுக்கு முன்பக்கம் இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது புரை. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். கிளாகோமாவில் கெடுவது கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பார்வை நரம்பு. பத்துப் பன்னிரண்டு லட்சம் மெல்லிய இழைகள் சேர்ந்ததுதான் அந்த நரம்பு, அதில் செத்துப்போன இழை மறுபடி உயிர் பெறாது. மாற்றி வைக்கவும் இன்றைக்கு வழி இல்லை. அப்பாவுக்கு ஒரே கண்ணில் இரண்டு நோயும் இருந்தன. ஒன்று சரியாகிவிட்டது, மற்றது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த எழுத்துப் பலகை. அது நேர் எதிரே, நடுவில் இருக்கிற கொஞ்சம் பார்வையை மட்டும்தான் அளக்கிறது. கிளாகோமா பெரும்பாலானவர்களுக்கு நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். பக்கத்துப் பார்வை, மேல் பார்வை, கீழ்ப் பார்வை என்று ஓரங்களைத்தான் முதலில் தின்னும். அதனால் கடைசி வரி வரை படிக்கிற ஒருவர் வாசற்படியைப் பார்க்காமல் போவது நடக்கக்கூடியதுதான். கீழ்ப் பார்வை போயிருந்தால் படி தெரியாது, பக்கப் பார்வை போயிருந்தால் தம்ளர் தெரியாது. இது ஆபரேஷனுக்கு முன்பும் இருந்திருக்கும். எல்லாமே மங்கலாக இருந்ததால் அப்போது தனியாகத் தெரிந்திருக்காது, இப்போது நடுவில் தெளிவாகிவிட்டதால் ஓரத்தில் இல்லாதது உறுத்துகிறது.

பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் புரை மட்டும் இருந்தது. அப்பாவுக்கு வெளிச்சம் கூடியிருக்கும், நிறங்கள் துலங்கியிருக்கும், எதிரில் வருகிற வண்டி விளக்கின் கூச்சம் குறைந்திருக்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், "ஆமா, அது பரவாயில்லை" என்பார். பொதுவாக "தெரியுதா?" என்று கேட்டால் இல்லாததைத்தான் நினைப்பார்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பதால் சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். புது லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சவ்வு மங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மங்கியிருந்தால் யாக் லேசரில் சில நிமிஷத்தில் சரியாகும். ஆபரேஷன் முடிந்த நாலு முதல் ஆறு வாரத்தில் சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கும், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேனில் தெரியும், மருந்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். வருஷக்கணக்காக சொட்டு விடுகிறவர்களுக்குக் கண் வறண்டு அதனாலேயே மங்கலாகத் தெரிவதும் உண்டு. கண் பிரஷர் கட்டாயம் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால், பார்வைப் பரப்பை அளக்கிற ஃபீல்டு டெஸ்டைப் புதிதாக ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். புரை இருந்தபோது எடுத்த டெஸ்ட் நரம்புக் கோளாறையும் லென்ஸ் மங்கலையும் சேர்த்துக் காட்டியிருக்கும். இப்போது எடுப்பதுதான் சுத்தமான கணக்கு. இனி வருகிற வருஷங்களில் நோய் நகர்கிறதா என்று இதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. படி ஓரங்களில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். பாத்ரூம் போகிற வழியில் இரவு விளக்கு போடுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளை பக்கெட்டை வைக்காதீர்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கப் பழக்குங்கள், கொஞ்ச நாளில் வழக்கமாகிவிடும். இடது கண்ணைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்களே, அதிலும் புரை இருந்தால் அதையும் எடுக்கலாம். வலது கண்ணின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு அப்பா வேண்டாம் என்று சொல்லக்கூடும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் ஒரு கண்ணில் போன இடத்தை மற்றது ஓரளவு நிரப்பும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கும்பகோணம் வாசகி, வயது 64: எனக்கு முற்றிய நிலை கிளாகோமா என்கிறார்கள். இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே இல்லை. வலது கண்ணில் புரை. "ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கேரண்டி கிடையாது, இருக்கிறதும் போக வாய்ப்பு இருக்கு" என்று டாக்டர் சொன்னார். பயத்தில் ஒரு வருஷமாகத் தள்ளிப்போடுகிறேன். செய்யலாமா, இப்படியே இருந்துவிடலாமா?

உங்கள் பயம் நியாயமானது. ஒரே கண்ணை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

டாக்டர் சொன்ன ஆபத்து உண்மை. நரம்பில் மிகக் கொஞ்சம் இழைகளே மிஞ்சியிருக்கும்போது, ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் கண் பிரஷர் திடீரென்று ஏறினால் அந்த மிச்சமும் போய்விடலாம். ஆனால் இது அபூர்வம். இன்றைக்குச் செய்கிற சின்னத் துளை ஆபரேஷனில், முன்னெச்சரிக்கையோடு செய்தால், மிகமிகக் குறைவானவர்களுக்கே நடக்கிறது. மறுபக்கம், புரை தானாக நிற்காது, அது வளர்ந்துகொண்டே போகும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் லென்ஸ் கெட்டியாகி ஆபரேஷன் கடினமாகிறது. நரம்பு எப்படி இருக்கிறது என்று டாக்டர் உள்ளே பார்ப்பதும் சிரமமாகிக்கொண்டே போகிறது. "இப்படியே இருந்துவிடலாமா" என்று கேட்கிறீர்கள், ஆனால் இப்படியே இருக்காது என்பதுதான் சிக்கல்.

முடிவெடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இப்போது உங்கள் பார்வையை மறைப்பதில் புரையின் பங்கு எவ்வளவு, நரம்பின் பங்கு எவ்வளவு? இதைக் கணிக்க டாக்டருக்குச் சில வழிகள் உண்டு. டார்ச் அடித்தால் கண் பாப்பா எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் காட்டினால் எங்கிருந்து வருகிறது என்று சரியாகச் சொல்கிறீர்களா, நடுவில் உள்ள பத்து டிகிரியை மட்டும் அளக்கிற 10-2 ஃபீல்டு டெஸ்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொல்வார். இன்னொரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: புரை வருவதற்கு முன் எடுத்த பழைய டெஸ்ட் பேப்பர்கள். மூன்று வருஷம் முன்பு நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள், அதன் பிறகு பிரஷர் கட்டுப்பாட்டிலேயே இருந்தது, புரை மட்டும் கூடியது என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய அந்தப் பழைய பார்வைக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்போதே நடுப்பார்வை அடிபட்டிருந்தால் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தயவுசெய்து யாரும் பழைய ரிப்போர்ட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள், கிளாகோமாக்காரர்களுக்கு அவை சொத்துப் பத்திரம்.

செய்வது என்று முடிவானால், கிளாகோமாவும் பார்க்கிற, அனுபவமுள்ள டாக்டரிடம் போங்கள். அவரிடம் நேராகக் கேளுங்கள்: ஆபரேஷன் அன்று மாலையோ, தவறினால் மறுநாள் காலையோ பிரஷர் பார்ப்பீர்களா? ஏறாமல் இருக்க மாத்திரை கொடுப்பீர்களா? கண்ணைச் சுற்றி ஊசி போடாமல் சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்ய முடியுமா? இப்போதே பிரஷர் கட்டுக்குள் இல்லை என்றால், புரையோடு சேர்த்து பிரஷர் ஆபரேஷனும் செய்துவிடலாமா? இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர்தான் உங்களுக்கான டாக்டர். "கேரண்டி கிடையாது" என்று முதலில் சொன்ன உங்கள் டாக்டரையும் நான் மதிக்கிறேன், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தாமல் மேலே சொன்ன கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்ல முடிகிறது, புரைதான் முக்கிய மறைப்பு என்று தெரிகிறது என்றால், இனியும் காத்திருக்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். சமையல், குளியல், மருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது என்று தன் வேலையைத் தானே செய்துகொள்கிற அளவு பார்வை கூடினாலே அது பெரிய லாபம்.

திருப்பூர் வாசகர்: புரை ஆபரேஷனுக்கு அப்புறம் கண் பிரஷர் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது, கிளாகோமா சொட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதி உண்மை இருக்கிறது. கண் பிரஷர் மட்டும் கூடுதலாக இருந்து நரம்பு இன்னும் கெடாதவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், புரை எடுத்தவர்களுக்குப் பிரஷர் சராசரியாக 16.5 சதவீதம் குறைந்தது என்று 2012-இல் எழுதினார்கள். சராசரி என்பதைக் கவனியுங்கள், சிலருக்கு நன்றாகக் குறைந்தது, சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. வருஷம் போகப் போக அந்தக் குறைவும் தேயலாம். நரம்பு ஏற்கெனவே அடிபட்ட ஒருவர் இதை நம்பிச் சொட்டை விடுவது ஆபத்து.

இதில் உங்களுக்கு எந்த வகை கிளாகோமா என்பது முக்கியம், கடிதத்தில் எழுதவில்லை. கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியேறுகிற மூலை திறந்தே இருந்தும் வடிகால் அடைபடுவது ஒரு வகை. அந்த மூலையே குறுகி மூடிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் லென்ஸுக்கே பங்கு உண்டு. வயது ஏற ஏற லென்ஸ் தடித்து, முன்னால், கண் பாப்பாவைச் சுற்றி இருக்கிற நிறத்திரையைத் தள்ளி மூலையை அடைக்கும், கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை வைத்தால் கதவு முழுசாகத் திறக்காதே, அந்த மாதிரி. லென்ஸை எடுத்துவிட்டால் மூலை திறக்கிறது, அதனால் இவர்களுக்குப் பலன் அதிகம். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஈகிள் ஆய்வு 419 பேரை மூன்று வருஷம் கவனித்தது. புரையே இல்லாதவர்களுக்குக்கூட மூலை மூடிய கிளாகோமாவில் லென்ஸை எடுத்தது, நிறத்திரையில் லேசரால் ஓட்டை போட்டு ஆரம்பிக்கிற வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது, சொட்டு மருந்துத் தேவையும் குறைந்தது. ஆனால் அங்கேயும் சொட்டைக் குறைத்தது டாக்டர்கள், ஒவ்வொரு முறையும் பிரஷரை அளந்து பார்த்துவிட்டு. உங்களுக்கும் ஒருவேளை குறைக்க முடியலாம், அதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

சென்னை, ஒரு மகன்: அம்மாவுக்கு கிளாகோமாவும் புரையும். ஆஸ்பத்திரியில் கவுன்சலர் "மல்டிஃபோகல் லென்ஸ் போட்டால் கண்ணாடியே தேவைப்படாது" என்று பெரிய தொகை சொல்கிறார். பணம் ஒரு பிரச்சினை இல்லை, அம்மாவுக்கு நல்லதே செய்ய நினைக்கிறேன். போடலாமா?

வேண்டாம் தம்பி. மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வருகிற வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரிக்கிறது. அதனால் வெளிர் நிறத்தையும் அடர் நிறத்தையும் பிரித்தறிகிற திறன் கொஞ்சம் குறையும், நல்ல நரம்பு உள்ளவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். கிளாகோமாவும் அந்தத் திறனைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அம்மாவுக்கு மங்கல் வெளிச்சத்தில் படி தெரியாது, சாம்பாரில் கிடக்கிற மிளகாய் தெரியாது. ஃபீல்டு டெஸ்ட் முடிவுகளையும் அது குழப்பக்கூடும். மிக ஆரம்ப நிலையில், நோய் வருஷக்கணக்காக அசையாமல் இருக்கிறவர்களுக்குச் சிலர் யோசித்துப் போடுவது உண்டு, ஆனால் கிளாகோமா எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது, உள்ளே வைத்த லென்ஸை நினைத்தபோதெல்லாம் மாற்றவும் முடியாது.

ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தருகிற, நல்ல தரமான மோனோஃபோகல் லென்ஸ் போதும். சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்கிற டோரிக் லென்ஸ் கேட்டுப் பாருங்கள், அது கிளாகோமாவுக்குத் தொந்தரவு செய்யாது, காசுக்கும் பலன் உண்டு. படிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வார், அவ்வளவுதானே. மிச்சமாகிற பணத்தை அடுத்த சில வருஷச் சொட்டு மருந்துக்கும் டெஸ்டுகளுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று: வீட்டில் ஆண்கள் யாருக்காவது ஆபரேஷன் என்றால், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் ஆபரேஷன் நடக்கும்போது நிறத்திரை தொளதொளவென்று ஆகிவிடும், டாக்டருக்குத் தெரிந்திருந்தால் தயாராக இருப்பார்.

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு பேரன்: பாட்டிக்கு ஒரு கண்ணில் புரை முற்றி வெள்ளையாகத் தெரிகிறது. "நல்லா பழுக்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நேற்றிலிருந்து அந்தக் கண் சிவந்து, தாங்க முடியாத தலைவலி, இரண்டு தடவை வாந்தி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பித்தமாக இருக்குமா?

இந்த மின்னஞ்சலைப் பார்த்த உடனே, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி பதில் அனுப்பிவிட்டேன். பத்திரிகையில் வருகிற வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை இது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இது பித்தம் இல்லை. புரை முற்றினால் அதனாலேயே கிளாகோமா வரும். ஊதிப் பெருத்த லென்ஸ் மூலையை அடைக்கும், அல்லது முற்றிய லென்ஸிலிருந்து புரதம் கசிந்து வடிகாலை அடைக்கும். சாதாரணமாக 10-இலிருந்து 21 வரை இருக்க வேண்டிய பிரஷர் 40, 50 என்று ஏறும். கண் சிவப்பு, அதே பக்கத் தலைவலி, வாந்தி, பார்வை சட்டென்று இறங்குவது எல்லாம் சேர்ந்து வரும். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது நரம்பு செத்துக்கொண்டிருக்கும்.

மதுரையில் இப்படி வந்த 93 நோயாளிகளை ஆராய்ந்து 1996-இல் கண் மருத்துவர்கள் எழுதினார்கள். வலி ஆரம்பித்து ஐந்து நாளுக்கு மேல் கழித்து வந்தவர்களுக்கும், 60 வயது தாண்டியவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை சரியாக வராமல் போகிற அபாயம் அதிகம் என்று அதில் தெரிந்தது. வயதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நாட்களைக் குறைக்க முடியும். முதலில் மருந்தில் பிரஷரை இறக்கி, பிறகு லென்ஸை எடுத்துவிடுவார்கள், சீக்கிரம் வந்தவர்களில் பலருக்கு நல்ல பார்வை திரும்புகிறது.

"பழுக்கட்டும்" என்று சொல்வது அந்தக் காலத்து ஆபரேஷன் முறைக்குப் பொருந்திய பேச்சு. இன்றைக்கு அதற்கு ஒரு தேவையும் இல்லை. தினசரி வேலைக்குப் பார்வை இடைஞ்சல் தர ஆரம்பித்தாலே எடுத்துவிடலாம். எத்தனை பாட்டிகள் இந்த ஒரு வார்த்தையால் கண்ணை இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. இலவச முகாம்கள் ஊர் ஊராக நடக்கின்றன, அரசு ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் லென்ஸ் வைக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த கண்ணையாவது பழுக்க விடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: எனக்கு ஐந்து வருஷம் முன்பு கிளாகோமாவுக்கு ட்ராப் ஆபரேஷன் ஆனது. சொட்டே இல்லாமல் பிரஷர் 12-இல் நிற்கிறது. இப்போது அதே கண்ணில் புரை. பழைய ஆபரேஷன் கெட்டுப்போகுமா?

கெடலாம், எல்லோருக்கும் அல்ல. ட்ராப் என்கிற ட்ராபெக்யுலெக்டமியில் கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியேற இமைக்கடியில் ஒரு பாதை போட்டிருப்பார்கள். புரை ஆபரேஷனால் கண்ணுக்குள் ஏற்படுகிற அழற்சி அந்தப் பாதையைத் தழும்பாக்கி மூடிவிடக்கூடும், அப்புறம் மறுபடி சொட்டு தேவைப்படலாம். அந்த ஆபரேஷன் ஆகி ஆறு மாதம், ஒரு வருஷமாவது கழித்துப் புரை எடுப்பது நல்லது என்பார்கள், நீங்கள் ஐந்து வருஷம் தாண்டிவிட்டீர்கள், அது உங்களுக்குச் சாதகம். ட்ராப் ஆன கண்ணில் லென்ஸ் பவர் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக வரலாம், ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி பவர் எதிர்பார்த்ததைவிடச் சற்று மாறினால் பதறாதீர்கள். முடிந்தால் ட்ராப் செய்த டாக்டரிடமே போங்கள்.

தஞ்சாவூர் வாசகி: ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் சொட்டு விடச் சொன்னார்கள். கண் இதமாக இருக்கிறதே என்று நாலு மாதமாக அதே பாட்டிலை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு கிளாகோமாவும் உண்டு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். வீக்கம் வற்ற சில வாரத்துக்கு அது தேவை, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதையே மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷர் ஏறும், கிளாகோமா உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே ஏறும். வலி இருக்காது, சிவக்காது, கண் இதமாகத்தான் இருக்கும், அதனால்தான் இது இத்தனை ஆபத்து. நன்றாக நடந்த புரை ஆபரேஷனின் பலன் முழுவதையும் இந்த ஒரு பாட்டில் தின்றுவிடும். இந்த வாரமே பிரஷர் பார்த்துவிடுங்கள். கையில் இருக்கிற எல்லாப் பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், எது நிற்க வேண்டும், எது தொடர வேண்டும் என்று டாக்டர் பிரித்துக் கொடுப்பார். கிளாகோமா சொட்டையும் இதையும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு கேட்டால் தேதியைப் பார்த்துவிட்டு "டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள். ஒரு கண்ணைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்கு.

வேலூர் வாசகர், வயது 58: இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. நேராக நன்றாகத் தெரிகிறது, ஆனால் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. ரோடு கடக்க முடியவில்லை, வேலையும் போய்விட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டால் "நல்லாத்தானே படிக்கிறீங்க, உங்களுக்கு எப்படி தருவது" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சொன்னது தவறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்து படிக்கிற திறனை மட்டும் பார்ப்பதில்லை, பார்வைப் பரப்பையும் பார்க்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் கீழே இருந்தால் சட்டப்படி அது பார்வையின்மை. 40 டிகிரிக்குக் கீழே, 10 டிகிரி வரை இருந்தால் குறைபார்வை. கடைசி வரி வரை படித்தாலும் இது பொருந்தும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த புது ஃபீல்டு டெஸ்ட் இரண்டு கண்ணுக்கும் வேண்டும். பழையதைக் கொண்டுபோனால் "புரை இருந்தபோது எடுத்தது" என்று தள்ளிவிடலாம். உங்கள் டாக்டரிடம் பார்வைப் பரப்பு எத்தனை டிகிரி என்பதை எண்ணில் எழுதி வாங்குங்கள். அதை வைத்து மறுபடி விண்ணப்பித்து, மருத்துவக் குழுவில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் சட்டத்தின் அந்தப் பகுதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், இது உங்கள் உரிமை. வண்டி ஓட்டுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், பக்கத்திலிருந்து ஓடி வருகிற குழந்தை உங்கள் கண்ணில் படாது.

கரூர் வாசகி: மாமியாருக்கு கிளாகோமாவோடு புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பேப்பர் படிக்கிறார். இனிமேல் கண் டாக்டரிடம் எப்போதெல்லாம் போக வேண்டும்? என் கணவருக்கும் பார்க்க வேண்டுமா?

முதல் இரண்டு மாதம் புரைக்காகப் போவீர்கள். அதற்குப் பிறகு எல்லோரும் போவதை நிறுத்திவிடுகிறார்கள், பார்வை வந்துவிட்டதே என்று. கிளாகோமாவுக்காகப் போவது வாழ்நாள் முழுக்க இருக்கிறது. நிலைமையைப் பொறுத்து மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை பிரஷர், டாக்டர் சொல்கிறபடி ஃபீல்டு டெஸ்ட், ஓசிடி. மாமியாருக்கு ஆஸ்துமா இருந்தால் டிமோலால் சொட்டு ஒத்துக்கொள்ளாது, அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாகோமா இருந்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு அதிகம். 40 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்து அரவிந்த் கண் மருத்துவமனை தென்னிந்தியக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் மூலை திறந்த வகை கிளாகோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதற்கு முன் நோய் கண்டறியப்படவே இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது. பிரஷர் அளந்து, கண் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து விட்டுப் பார்ப்பதால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், அன்றைக்கு அவர் பைக் ஓட்டாமல் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.